இன்று மாலைக்குள் கட்டினால் சிபில் சரியாகிவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்: கடன், வங்கி, வரவு செலவு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வசூல் ஏஜென்சிகளைப் பற்றியவை. மூன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இங்கே வேண்டாம். தாராவியிலிருந்து வந்த கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மும்பையில் பல தமிழ் வீடுகளில் இதே சிக்கல் இருக்கிறது, வெளியே சொல்லத் தயங்கி உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

*

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். தாராவி 90 அடி சாலையில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 2018-ல் ஒரு தனியார் வங்கியில் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். ஒழுங்காகத்தான் கட்டிவந்தேன். 2020 ஊரடங்கில் பட்டறையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டோம். அப்போது கார்டில் 42,000 ரூபாய் பாக்கி. திரும்பி வந்தபோது சிம் மாறிவிட்டது, வங்கியிலிருந்தும் யாரும் வரவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. இப்போது பத்லாப்பூரில் ஒரு சின்ன வீடு பார்த்து லோனுக்கு எழுதிக் கொடுத்தால், சிபில் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். என் கடன் வரலாற்றைக் காட்டும் அந்தச் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் நான் கேள்வியே படாத ஒரு கம்பெனி பெயரில் 1,18,000 ரூபாய் பாக்கி என்று இருக்கிறது. அதே வாரம் வசூல் ஏஜென்சியிலிருந்து போன். "இன்று மாலைக்குள் 35,000 ரூபாயை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணு, சிபிலிலிருந்து எடுத்துவிடுகிறோம்" என்கிறார்கள். என் மனைவிக்கும், எனக்குத் தோல் கொடுக்கும் சேட்டுக்கும்கூடப் போன் போட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் தாண்டிய கடனைக் கட்ட வேண்டாம், ஏழு வருஷத்தில் அதுவே அழிந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, இன்று மாலைக்குள் நீங்கள் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். நாளை மாலைக்குள்ளும் வேண்டாம். ஆறு வருஷம் காத்திருந்த கடன் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். அந்த அவசரம் அவர்களுடையது.

உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இருவரையும் ஒருவராக நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். அறிக்கையில் பெயர் வந்திருக்கும் கம்பெனி ஒன்று. போனில் மிரட்டும் ஏஜென்சி இன்னொன்று.

வராக்கடன்களை வங்கிகள் மொத்தமாக விற்பது உண்டு. அவற்றை வாங்குவதற்கென்றே ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஏ.ஆர்.சி. என்பார்கள், சொத்து மறுசீரமைப்பு நிறுவனம். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தின் கீழ் இயங்குபவை. உங்கள் கார்டு கணக்கை வங்கி இப்படி ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், இனி உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அந்த நிறுவனம்தான். அதனால் அறிக்கையில் அதன் பெயர் வருவது தவறில்லை. போனில் பேசும் ஏஜென்சி வெறும் வசூல் ஆள். கடனுக்குச் சொந்தக்காரர் கமிஷனுக்கு வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். சிபிலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற அவர்களால் முடியாது. அறிக்கைக்கு விவரம் அனுப்புவது கடன் கொடுத்த வங்கியோ, அதை வாங்கிய ஏ.ஆர்.சி.யோதான். "எடுத்துவிடுகிறோம்" என்று ஏஜென்ட் சொல்வது தன்னிடம் இல்லாத சரக்கை விற்பது.

அந்த ஜிபே நம்பர் ஒரு தனி ஆளுடையதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கடன் பட்டியல் பல கைகள் மாறுகிறது. வேலையை விட்டுப் போனவரிடமும் அதன் பிரதி இருக்கலாம். உங்கள் பெயர், பாக்கித் தொகை, மனைவியின் போன் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்கிறார் என்பதால் அவர் உண்மையான ஆள் என்று ஆகிவிடாது. கடன் பணம் கடனுக்குச் சொந்தமான நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். நெஃப்ட் அல்லது டிடி. ரசீதில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும்.

எனவே முதல் வேலை, கடன் இன்று யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குவது. பழைய வங்கிக்கு மின்னஞ்சல் போடுங்கள்: என் கார்டு கணக்கு இப்போது உங்களிடம் இருக்கிறதா, விற்றிருந்தால் யாருக்கு, எந்தத் தேதியில், விற்றபோது பாக்கி எவ்வளவு. அறிக்கையில் பெயர் வந்த நிறுவனத்துக்கும் ஒன்று போடுங்கள்: இந்தக் கடன் உங்களுக்கு எப்படி வந்தது, அதற்கான கடிதத்தின் நகல், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய கணக்கு, உங்கள் சார்பில் எந்த ஏஜென்சியை நியமித்திருக்கிறீர்கள். பதிவு பெற்ற ஏ.ஆர்.சி.க்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது, அதில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டியது ஏ.ஆர்.சி.யின் கடமை. அவருக்கே எழுதுவது நல்லது. ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுதித் தந்தாலும் போதும். போனில் பேசிப் பயனில்லை. அவர் ஹிந்தியில் படபடவென்று சொல்வதற்கும் நீங்கள் பதறிச் சொல்லும் பதிலுக்கும் நாளை எந்தச் சாட்சியும் இருக்காது.

கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் உங்கள் அறிக்கையை வரி வரியாகப் படிக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் சிபில் என்று சொல்கிறோம், ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை, ஸ்கோரோடு, இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இருக்கும் தவறு மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம்.

நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செம்பூரில் என் வீட்டுக்கு இந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, ஒரே கடன் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்பதை. வங்கி விற்றுவிட்ட கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று ஆக வேண்டும். அப்படி ஆகாமல், வங்கியின் பெயரிலும் பாக்கி, ஏ.ஆர்.சி.யின் பெயரிலும் பாக்கி என்று நின்றால், ஒரே கடனுக்கு இரண்டு முறை அடி விழுகிறது. அடுத்துப் பார்ப்பது, கடைசியாகப் பணம் கட்டிய தேதி. உங்களிடம் பழைய பாஸ்புக் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு சங்கதி நம்மவர்களுக்கே உரியது. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். மும்பையில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் சர்நேம் கேட்பார்கள். ஒரு படிவத்தில் அப்பா பெயர் சர்நேமாகிவிடும், இன்னொன்றில் தாத்தா பெயர், ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பான் கார்டில் வேறு மாதிரி. ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் உள்ள இரண்டு பேர் தாராவியில் ஒரே சாலில் (வரிசைக் குடியிருப்பில்) இருப்பது அதிசயமில்லை. அதனால் அடுத்தவர் கடன் நம் அறிக்கையில் வந்து உட்காருவதும், நம் கணக்கு பாதி ஒட்டிப் பாதி ஒட்டாமல் நிற்பதும் நடக்கிறது. பான் எண், பிறந்த தேதி, பழைய முகவரி மூன்றும் அந்தப் பதிவில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்களுடைய கார்டு கடன்தான் அது என்று உங்களுக்கே உறுதியானால் மேலே படியுங்கள்.

இப்போது அந்த மூன்று வருஷக் கதை. அதில் பாதி உண்மை. 1963-ன் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். ஆனால் கோவிட் காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் பாக்கி ஊரடங்கில் தொடங்கியது. அதனால் கடிகாரம் ஓட ஆரம்பித்ததே 2022 மார்ச்சில்தான் என்று அவர்கள் வாதாட முடியும். அந்த மூன்று ஆண்டுக்குள் நீங்கள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதற்கு உங்கள் கையெழுத்து இருந்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அவகாசம் முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். "ஐந்நூறு ரூபாய் மட்டும் போடு, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடு, கேஸை நிறுத்துகிறோம்" என்று ஏஜென்ட் கேட்பதற்குப் பின்னால் இது இருக்கலாம். உங்கள் தேதிகள் என்ன சொல்கின்றன என்பதை ஒரு வக்கீலிடம் காட்டித் தெரிந்துகொள்ளும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். நான் மேலே சொன்ன மின்னஞ்சலிலும் "நான் கட்ட வேண்டிய கடன்" என்று எழுதாதீர்கள். "நீங்கள் என் பெயரில் காட்டும் கடன்" என்று எழுதுங்கள்.

வழக்குப் போடும் உரிமை போனாலும் கடன் அழிந்துவிடாது, அறிக்கையில் உள்ள பதிவும் அதனால் போகாது. இரண்டும் வேறு வேறு.

ஏழு வருஷத்தில் தானாக அழியும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே 1970-ல் வந்த சட்டப்படி, வசூலுக்குப் போன கடனின் பதிவை ஏழு ஆண்டுக்கு மேல் அறிக்கையில் வைக்கக் கூடாது. நம் நாட்டில் 2005-ன் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளில் ஏழு ஆண்டு என்ற எண் இருக்கிறது, ஆனால் அது குறைந்தது ஏழு ஆண்டாவது தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காக. அங்கே அதிகபட்சம், இங்கே குறைந்தபட்சம். அமெரிக்க வீடியோவைப் பார்த்துத் தமிழில் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதை நம்பிக் காத்திருந்து வீட்டு லோன் வாய்ப்பைத் தவறவிட்டவர்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கட்டலாமா வேண்டாமா என்று கேட்டால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். 42,000 ரூபாய்க்கு நீங்கள் தோலும் நூலும் வாங்கியிருக்கிறீர்கள், வீட்டுச் செலவு செய்திருக்கிறீர்கள். அது நியாயமாகத் திருப்ப வேண்டிய பணம். உங்களுக்கும் வீட்டு லோன் வேண்டும். எனவே முடித்துவிடுவதுதான் நல்லது. ஆனால் யாரும் உங்கள் மனைவியை மிரட்டியதற்காக அல்ல, நீங்கள் முடிவு செய்த தொகையில், நீங்கள் கேட்ட காகிதம் கைக்கு வந்த பிறகு.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. குறைத்துப் பேசி 35,000 கட்டினால், அறிக்கையில் "செட்டில்டு" என்று வரும். மீதியைத் தள்ளுபடி செய்துவிட்டோம், முழுதாக வரவில்லை என்று அதற்குப் பொருள். முழுப் பாக்கியையும் கட்டினால் "குளோஸ்டு" என்று வரும். ஏஜென்ட் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே மாட்டார். வீட்டு லோன் கொடுக்கும் மேனேஜர் முதலில் தேடுவது இதைத்தான். கடன் பிரிவு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது "செட்டில்டு" என்று பார்த்தால் நாங்களும் பேனாவைக் கீழே வைத்துவிடுவோம். உங்களுக்கு லோன் தேவையே இல்லை, தொல்லை தீர்ந்தால் போதும் என்றால் செட்டில்மெண்ட் சரி. பத்லாப்பூர் வீடு வேண்டும் என்றால், "குளோஸ்டு" என்று வருமாறு பேச வேண்டும்.

அதற்காக 1,18,000-ஐ அப்படியே கட்டச் சொல்லவில்லை. பிரித்துக் காட்டிய கணக்கு வரட்டும். வாங்கிய தொகைக்கு மேல் ஏறி நிற்பதில் வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று தெரியும். தாமதக் கட்டணத்தையும் வட்டியில் ஒரு பகுதியையும் நீக்கிப் புதிய பாக்கித் தொகையைச் சொல்லுங்கள், அதை முழுவதும் கட்டுகிறேன், கணக்கை "குளோஸ்டு" என்று அனுப்புவோம் என எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், சில கொள்ளாது. ஒப்புக்கொண்டால் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கணக்கு எண், தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், எந்த வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும், கட்டிய பின் வேறு பாக்கி இல்லை, அறிக்கைக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகு கட்டுங்கள். கட்டிய பிறகு நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். அதைப் பட்டறையில் வைக்காதீர்கள், வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வங்கிகளும் ஏ.ஆர்.சி.க்களும் சிபில் போன்ற தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஆகவே கட்டி ஒரு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். மாறவில்லை என்றால், அல்லது முன்பு சொன்னபடி ஒரே கடன் இரண்டு இடத்தில் இருந்தால், அந்தந்தத் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே தகராறு மனு போடலாம், கட்டணம் இல்லை. அறிக்கையின் மேலே இருக்கும் கட்டுப்பாட்டு எண்ணையும் சான்றிதழ் நகலையும் சேர்த்துப் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. இதைக் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். வங்கி மீதும், சிபில் போன்ற தகவல் நிறுவனங்கள் மீதும் வரும் புகார்களை அவர் விசாரிப்பார். எனவே அறிக்கையில் தவறு என்ற புகாரில் தகவல் நிறுவனத்தையே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள்.

உங்கள் மனைவிக்கும் சேட்டுக்கும் போன் போட்டது பற்றி. அது நடந்திருக்கவே கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் ஏ.ஆர்.சி.க்களுக்கும் சேர்த்தே உத்தரவு போட்டிருக்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, நாலு பேர் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் புகக் கூடாது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு அவரை வைத்த நிறுவனமே பொறுப்பு. வீட்டுக்கு வருகிறவர் அடையாள அட்டையும், நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் கையில் வைத்திருக்க வேண்டும். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவற்றை இணைத்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். கையை ஓங்குவேன், கடையை உடைப்பேன் என்ற அளவுக்குப் பேசினால் காவல் நிலையத்துக்கே போகலாம், மிரட்டல் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: கடன் பாக்கிக்காக வசூல் ஏஜென்ட் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. போனை எடுத்தால், "எழுதி அனுப்புங்கள்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்துவிடலாம். சேட்டிடம் நீங்களே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாயால் கேட்பதைவிட அது மேல்.

பத்லாப்பூர் வீட்டுக்கு இன்னும் டோக்கன் கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதி வாங்கப் பாருங்கள். இது முடியும்வரை வேறு வேறு வங்கிகளில் மனு போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் அறிக்கையில் பதிவாகும், பணத்துக்கு அலைகிறார் என்று அடுத்த வங்கி நினைக்கும்.

*

கேள்வி: மேடம், நாங்கள் முலுண்டில் இருக்கிறோம். என் மகன் நியூ ஜெர்சியில் எம்.எஸ். முடித்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்துவிட்டான். அங்கே ஒரு முறை காய்ச்சலுக்கு மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போனதற்கான பில்லில் 1,400 டாலர் பாக்கி என்று ஒரு வசூல் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்புகிறது. இன்சூரன்ஸ் கட்டிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இது அவன் சிபிலில் வருமா? எங்கள் வீட்டின் மேல் கை வைப்பார்களா?

பதில்: வீட்டைப் பற்றிய பயம் வேண்டாம். மகன் வயதுக்கு வந்தவர், நீங்கள் எங்கும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்தப் பில்லுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க அறிக்கையும் இங்குள்ள அறிக்கையும் தனித்தனி. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ் என்ற பெயர்கள் இரண்டு நாட்டிலும் இருப்பதால் குழப்பம் வருகிறது. அங்குள்ள பதிவு இங்கே சிபிலில் வராது.

ஆனாலும் மகன் இதைத் தள்ளிப்போட வேண்டாம், திரும்பவும் அங்கே வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. அங்கே 1977-லிருந்து வசூல் நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. கடன் யாருடையது, எவ்வளவு என்ற விவரத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் "இதை நான் ஏற்கவில்லை, ஆதாரம் காட்டுங்கள்" என்று எழுத்தில் அனுப்பினால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். தேதியைப் பார்த்து உடனே எழுதச் சொல்லுங்கள். கூடவே மருத்துவமனையின் பில் பிரிவுக்கு நேராக எழுதி, பல்கலைக்கழக இன்சூரன்ஸுக்குப் பில் அனுப்பப்பட்டதா என்று கேட்க வேண்டும். தவறான பாலிசி எண்ணால் திரும்பிய பில் வசூலுக்குப் போவது அங்கே அடிக்கடி நடக்கிறது. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், மாணவராக இருந்த காலத்து வருமானத்தைக் காட்டி அதையும் கேட்கலாம்.

மருத்துவக் கடனுக்கு அங்கே கொஞ்சம் கருணை உண்டு. 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ வசூல் பதிவுகளை 2023-ல் மூன்று நிறுவனங்களும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன. கட்டி முடித்த மருத்துவக் கடனும் அறிக்கையில் நிற்பதில்லை. உங்கள் மகனுடைய தொகை 500-ஐத் தாண்டுகிறது, அதனால் கட்ட வேண்டியது உறுதியானால் கட்டிவிட்டால் பதிவு போய்விடும். இதே சலுகை கிரெடிட் கார்டுக்குக் கிடையாது.

*

கேள்வி: அக்கா, நான் சயான் கோலிவாடாவில் இட்லி வியாபாரம் செய்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஆப்பில் லோன் வாங்கியபோது என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். இப்போது அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டு, நீதான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் உன் சிபிலையும் கெடுத்துவிடுவேன் என்கிறான். இரவு பத்து மணிக்குக்கூடப் போன் வருகிறது.

பதில்: நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை அம்மா. ரெஃபரன்ஸுக்கு நம்பர் கொடுப்பது வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. நீங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் ஆதார், பான் விவரத்தையோ போனுக்கு வந்த ஓடிபியையோ கொடுக்கவில்லை என்றால் அந்தக் கடன் உங்கள் மேல் ஒட்டாது. கொடுத்த ஞாபகம் லேசாக இருந்தாலும் உங்கள் இலவச அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் அந்த லோன் இருந்தால் உடனே தகராறு மனு போட வேண்டும். இல்லை என்றால் நிம்மதியாக இருங்கள்.

இரவு பத்து மணி அழைப்பு கடன் வாங்கியவருக்கே வரக் கூடாது, உங்களுக்கு வருவதில் எந்த நியாயமும் இல்லை. மைக்ரோஃபைனான்ஸ் கடன் என்றால் நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரைதான். பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோதான் ஆப்பின் பின்னால் நின்று கடன் கொடுக்க முடியும். அந்தப் பெயரை ஏஜென்டிடம் கேளுங்கள். சொன்னால் அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ஓம்பட்ஸ்மேன். ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் எப்படிப் புகார் கொடுப்பது என்று சொல்வார்கள். பெயரைச் சொல்ல மறுத்தால் அது கள்ள ஆப்பாக இருக்கலாம். படத்தை மாற்றி அனுப்புவேன், எல்லாருக்கும் போடுவேன் என்று மிரட்டினால் 1930-ஐக் கூப்பிடுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான எண். அந்த நம்பரிலிருந்து வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.